சிரித்த முகமாக ‘வாங்க’ என்றேன்

நான் வேலை பார்த்த நீதிமன்றத்தில் இப்போது மொழிபெயர்ப்பைக் கணினி செய்கிறது. சாட்சியம் தமிழில் உள்ளே போகிறது, சில நொடிகளில் ஆங்கிலமாக வெளியே வருகிறது. மொழிபெயர்ப்புப் பிரிவில் இருப்பவர்கள் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். சென்ற மாதம் அங்கிருந்து இரண்டு பேர் சிங்காநல்லூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சரிபார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெயர்கள், தேதிகள், உறவுமுறைகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அதை வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முப்பத்தோரு ஆண்டுப் பணியில் குற்றவாளிகளைப் பார்த்தோ அதிகாரிகளைப் பார்த்தோ நான் அவ்வளவு பயந்ததில்லை. ஓர் ஆங்கில வார்த்தைக்குப் பயந்தேன். அதை எழுதியவளும் நான்தான்.

அன்னூர்ப் பக்கம் தோட்ட வேலை செய்த குடும்பம் எங்களுடையது. சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். வேலை இதுதான்: கீழ்க்கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சியங்கள் மேல்முறையீட்டுக்குப் போகும்போது அவற்றை ஆங்கிலமாக்கி, ‘இது உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று சான்று கொடுத்து அனுப்ப வேண்டும்.

பிரிவுத் தலைவர் ரங்கசாமி சார். ஒல்லியான மனிதர், எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக ‘அம்மணி’ என்பார். தப்புச் செய்துவிட்டால், ‘ஏனுங்க அம்மணி, கொஞ்சம் இப்படி வாரீங்களா’ என்பார். அந்த இரண்டு ‘ங்க’வையும் கேட்டதும் பிரிவில் எல்லோரும் அவரவர் பக்கத்தை ஒருமுறை திரும்பப் படிப்போம்.

அவருடைய முறை மாறவே மாறாது. மூலத்தை மூன்று முறை படிக்க வேண்டும், மூன்றாம் முறை உதட்டை அசைத்து. சந்தேகமான சொல்லுக்குப் பென்சிலில் கோடு போட வேண்டும். மொழிபெயர்த்து முடித்ததும் ஒப்பிடுதல். அவர் தமிழை வரி வரியாகப் படிப்பார், நாங்கள் அதற்குரிய ஆங்கில வரியைப் படிக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் எல்லாம் இந்த மேசையில் கற்றதுதான். ஆனாலும் ஒரு வரி நீண்டுவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். சிவப்புப் பென்சிலைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, “இது சாட்சி சொன்னதுங்களா, நீங்க சொன்னதுங்களா?” என்று கேட்பார்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு கொலை முயற்சி வழக்கு. ‘உன்னைப் பார்த்துக்கறேன்’ என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொன்னதாகச் சாட்சியம். நான் ஆங்கிலத்தில், உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று பொருள் வரும்படி எழுதியிருந்தேன். சார் அந்த வரியில் பென்சிலை வைத்து, “கத்திய வச்சுக்கிட்டு நிக்கறவன் கஞ்சி காச்சி ஊத்தறேன்னு சொன்ன மாதிரி இருக்குதுங்க” என்றார். பிரிவில் யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்தேன்.

அவரிடம் அப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய பிறகுதான் அந்த வழக்குக் கட்டு வந்தது.

அன்னூரை ஒட்டிய ஒரு கிராமத்து வழக்கு. அங்கிருந்த ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவரின் மனைவி முதல் சாட்சி. அவர் பெயரை எழுத மாட்டேன், சட்டமும் அனுமதிக்காது. கணவருடைய சூப்பர்வைசர்தான் எதிரி. கணவர் பகல் ஷிப்டில் இருந்தபோது, நடுமத்தியானம், ஏதோ காகிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்தவர் உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து கதவை உடைக்கும்வரை நடந்ததை அந்தப் பெண் நீதிமன்றத்தில் மூன்று பக்கத்துக்குச் சொல்லியிருந்தார். கீழ்க்கோர்ட் அவரை நம்பித் தண்டனை கொடுத்தது. எதிரி மேல்முறையீடு செய்தார். உயர்நீதிமன்றத்தில் அதைக் கேட்கப்போகும் நீதிபதி வெளிமாநிலத்துக்காரர், தமிழ் தெரியாதவர். எனவே எங்கள் ஆங்கிலம்தான் அவருக்கு எல்லாம்.

சாட்சியத்தின் தொடக்கத்தில் ஒரு வரி: ‘எதிரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் சிரித்த முகமாக வாங்க என்றேன்.’

இந்த வரிக்கு என்னிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. விடுதியில் பார்வையாளர் அறையைத் துடைத்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டு, மேசையில் பூ வைத்ததும் வார்டன் சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்வார்: அறை இப்போது ‘இன்வைட்டிங்’காக இருக்கிறது. வருகிறவர்களுக்கு உள்ளே வந்து உட்காரத் தோன்ற வேண்டும், அதற்குத்தான் அந்த வார்த்தை என்று விளக்கினார். என் அம்மா வேலைக்குப் போன தோட்டத்து வீடுகளில் யாரும் அவளை ‘வாங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கொல்லைப்புறம் போய் நின்று, தான் வந்திருப்பதாகக் குரல் கொடுப்பாள். ஆகவே அந்த வார்த்தையின் மேல் எனக்கு ஆசை. நல்ல வீடு, நல்ல சாப்பாடு, நல்ல மனிதர் என்று எதைப் பார்த்தாலும் மனதுக்குள் அதைச் சொல்லிப் பார்ப்பேன்.

‘இன்வைட்டிங்’ புன்னகையுடன் அவரை வரவேற்றேன் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் வரி அழகாக வந்திருந்தது.

ஒப்பிடும்போது ரங்கசாமி சார் அந்த வரியில் நிறுத்தினார். “இந்த வார்த்தை எதுக்குங்க அம்மணி?” என்று கேட்டார். சிரித்த முகமும் வாங்க என்ற சொல்லும் இந்த ஒரே வார்த்தையில் அடங்கிவிடுகிறது என்றேன். அவர் பென்சிலைக் கிடையாகப் பிடித்தபடியே இருந்தார். நான் இலக்கியம் படித்தவள் என்பதை அவர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே மதித்தார். அன்றைக்கே கட்டு அஞ்சலுக்குப் போக வேண்டியிருந்தது. “நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்று அடுத்த வரிக்குப் போனார். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆறு வாரம் கழித்து, எதிரியின் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் வந்தார். எல்லோருக்கும் தெரிந்தவர், நெற்றி நிறையத் திருநீறு, யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். அந்த மொழிபெயர்ப்பில் முதல் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு சான்று நகல் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

“எங்க ஐயா அந்த ஒரு வார்த்தையத்தானுங்க புடிச்சுக்கிட்டாரு. அந்தப் பொண்ணே கூப்புட்டுப்போட்டுத்தான் பொறவு கத்தியிருக்குதுன்னு வாதம் பண்ணப் போறாருங்க. நல்ல இங்கிலீசுங்க உங்களுது.”

நகலில் முத்திரை போட்டு அவரிடம் கொடுத்தேன். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்குப் போனேன். பெரிய ஆங்கில அகராதியை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். பழகிய வார்த்தையை யார் அகராதியில் தேடுவார்கள்? அதனால் அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஈர்க்கிற, வரத் தூண்டுகிற, ஆசை காட்டுகிற என்று பொருள் போட்டிருந்தது. உதாரணங்களில் குளிர்ந்த நீர் இருந்தது, சமையலின் மணம் இருந்தது, குளிர்காயும் கணப்பின் பக்கத்தில் போட்ட நாற்காலி இருந்தது. கடைசி உதாரணம் ஒரு பெண்ணின் பார்வை. நீருக்கும் நாற்காலிக்கும் சொன்னால் அந்த வார்த்தை வரவேற்பு. ஒரு பெண்ணின் சிரிப்புக்குச் சொன்னால் அது சம்மதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு அகராதிகளைப் பார்த்தேன். எங்காவது ஓர் அகராதி என்னைக் காப்பாற்றிவிடாதா என்று தேடினேன் என்பதுதான் உண்மை. கொண்டுபோன சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொய்ச் சான்று கொடுத்ததாக விளக்கம் கேட்பார்கள், தற்காலிகப் பணிநீக்கம் வரை போகலாம். எதிர்த்தரப்பிடம் ஏதோ வாங்கிக்கொண்டு எழுதினேன் என்றுகூடப் பேச்சு வரலாம். பேருந்தில் பக்கத்தில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால் அந்த வழக்கைச் சேர்ந்தவரோ என்று எழுந்து வேறு இருக்கைக்கு மாறினேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதை நினைக்காமல் இருக்க, வீட்டில் சுத்தமாக இருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் திரும்பத் தேய்த்தேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் கணவர் வெளியே போயிருந்தார். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுப்பவர் வாசலில் வந்து நின்றார். முன்பின் பார்க்காத ஆள். “வாங்க” என்றேன். அவர் உள்ளே வந்து, மீட்டரைப் பார்த்து, அட்டையில் குறித்துக்கொடுத்துவிட்டு, வாரேனுங்க என்று போய்விட்டார். அவர் போன பிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சிரித்திருந்தேன். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. வீட்டில் தனியாக இருந்தேன், அந்நிய ஆணிடம் சிரித்த முகமாக வாங்க என்றேன். யாராவது இதை ஆங்கிலத்தில் எழுதினால்? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

திங்கட்கிழமை ரங்கசாமி சாரிடம் சொன்னேன். அவர் அலுவலக நகலை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்தபடி இருந்தார். குமாஸ்தா சொன்னதையும் அகராதியில் பார்த்ததையும் சொன்னேன். திருத்தக் கடிதம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், மேலே அனுப்புங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

“இதுல ரெண்டு கையெழுத்து இருக்குதுங்க அம்மணி. எனக்கு இன்னும் அஞ்சு மாசந்தானுங்க சர்வீஸ்.”

அன்றைக்கு அவர் குரலில் கோபம் இல்லை. அந்த ‘ங்க’ கெஞ்சலாக இருந்தது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அவரை மீறி நேராக எங்கள் மாவட்ட நீதிபதியிடம் போகலாமா என்று யோசித்தேன். துணிச்சல் வரவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. இழுப்பறையைத் திறக்கும் ஓசை கேட்டால் நான் நிமிர்வேன், அவர் ரப்பர் முத்திரையை எடுப்பார். மேல்முறையீடு விசாரணைக்கு நெருங்கிவிட்டதாக வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

வியாழன் காலை நான் இன்னொரு கடிதம் எழுதினேன், அவருடைய பெயர் இல்லாமல், என் தவறு என்று மட்டும். அதை எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைப் பக்கம் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரங்கசாமி சார். கையில் பழைய கடிதம் இருந்தது. கீழே அவர் எழுத்தில் இரண்டு வரி சேர்ந்திருந்தது: ஒப்பிட்டுப் பார்த்தவன் நான், சந்தேகம் வந்தும் விட்டுவிட்டேன்.

“நான் பயந்துபோட்டேனுங்க அம்மணி” என்றார். “வாங்க, போலாம்.”

மாவட்ட நீதிபதி தென்மாவட்டக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“ஏம்மா, அந்தப் பொண்ணு சிரிச்ச முகமான்னு அதுவே சொல்லியிருக்கே. எதுக்குச் சிரிச்சுது?”

அருகில் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க வீட்டுக்காரருக்கு வேலை குடுக்கறவருங்க ஐயா அவரு” என்றேன். “வாசல்ல வந்து நின்னா சிரிக்காம வேற என்னங்க பண்ணுவாங்க?”

“அது உங்க வேலை இல்லை. வார்த்தையை மட்டும் சொல்லுங்க. வாங்கன்னா இங்கிலீஷ்ல என்ன?”

யோசித்துப் பார்த்தேன். உள்ளே வா என்று எழுதினால் அதுவும் தப்பு. வரவேற்றேன் என்றால் அதிகம். வார்த்தை இல்லைங்க ஐயா என்றேன். ‘வாங்க’ என்பதை அப்படியே எழுதி, வீட்டுக்கு யார் வந்தாலும் மரியாதைக்குச் சொல்வது என்று கீழே குறிப்புப் போடலாம் என்றேன். முன்னால் ‘சிரித்த முகமாக’ என்பதை உள்ளபடி எழுத வேண்டும், அதற்கு மேல் எதுவும் சேர்க்கக் கூடாது என்றேன். அவர் அங்கேயே எங்களை எழுதவைத்து, தன் குறிப்போடு அன்றே அனுப்பினார். போகலாம் என்று கையைக் காட்டியபோது, “ரெண்டு பேருக்கும் மெமோ வரும்” என்றார்.

வந்தது. எனக்குப் பதவி உயர்வு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. சார் ஓய்வுபெற்ற நாளில் அவர் மேல் விசாரணை நிலுவையில் இருந்ததால் பிரிவில் யாரும் விழா எடுக்கத் துணியவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு, பக்கவாட்டுக் கேட் வழியாகப் போனார். பிறகு விசாரணையைக் கைவிட்டார்கள். அதைச் சொல்ல சாரின் வீட்டுக்குப் போனபோது, அவர் அந்தப் பேச்சையே எடுக்காமல் காப்பி கொடுத்து அனுப்பினார்.

திருத்தம் போய்ச் சேருமுன் வாதம் முடிந்துவிட்டதா, முடியவில்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. வந்த நகலை நான் வேறு எதையும் படிக்காமல் அந்த வார்த்தையை மட்டும் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. சாட்சி ‘இன்வைட்டிங்’ புன்னகையுடன் எதிரியை வரவேற்றதாக எதிரித் தரப்பு வாதிட்டது என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், திருத்திய மொழிபெயர்ப்பு ஒன்றும் வரப்பெற்றது, அதுவும் கருத்தில் கொள்ளப்பட்டது என்று இருந்தது. குற்றம் உறுதிசெய்யப்பட்டிருந்தது. நான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு கடைசிப் பத்தி. சம்பவத்தின் சூழ்நிலைகள் அனைத்தையும் கணக்கில் எடுத்து, தண்டனைக் காலம் பாதியாகக் குறைக்கப்படுகிறது.

சூழ்நிலைகள் என்றால் எவை? எதிரியின் வயது, குடும்பம், முன்குற்றம் இல்லாமை என்று எத்தனையோ இருக்கலாம். என் வார்த்தையும் அதற்குள் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணியில் இருந்த மீதி ஆண்டுகள் முழுவதும், அடைமொழி ஒன்று எழுத வந்தாலே என் கை ஒரு கணம் நின்றது.

தீர்ப்பு வந்த இரண்டாவது வாரம், பகல் பதினொரு மணி இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்கள் பிரிவு வாசலில் நின்றார். கையில் மடித்த காகிதங்கள். அரசு வக்கீல் அலுவலகத்தில் தீர்ப்பு நகலைக் கொடுத்து, ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு அம்மாவிடம் கேட்டுக்கொள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் காகிதத்தை வாங்கி வழக்கு எண்ணைப் பார்த்தேன். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பதினோராம் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் படித்தேன், அந்த வார்த்தையை ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

“அதென்னங்க அந்த வார்த்தை?” என்று கேட்டார்.

அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். வரத் தூண்டுகிற, ஆசை காட்டுகிற. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் அப்படிச் சொல்லலீங்களே.”

“நீங்க சொல்லலீங்க. நான்தான் எழுதிப்போட்டேன். பின்னாடி திருத்தி அனுப்புனேன். அதுக்குள்ள...”

அவர் கத்துவார், அழுவார், எழுந்து போய்ப் புகார் கொடுப்பார் என்று காத்திருந்தேன். ஏதாவது ஒன்று நடந்திருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவர் காகிதங்களை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

“அன்னைக்கிலிருந்து எங்க ஊட்டுக்கு யாரு வந்தாலும் நான் வாங்கன்னு சொல்றதில்லீங்க” என்றார். “ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தாக்கூட உள்ள போயிக்குவேன். எங்க மாமியா திட்டறாங்க.”

பிறகு எழுந்து நின்றார். “வாரேனுங்க” என்றார், தலையைச் சாய்த்து, மரியாதையாக.

போய்ட்டு வாங்க என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வெளியே வரவில்லை. அவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, வராந்தாவில் நடந்து போனார்.